கார்டின் விலையும் கைக்கு வந்த காசும்

இளம் ஆட்டக்காரர் கூப்பர் ஃபிளாக் வந்ததிலிருந்து எங்கள் டாலஸ் பக்கத்து வாட்ஸப் குழுக்களில் மறுபடியும் பாஸ்கெட்பால் கார்டு பேச்சு, அதாவது ஆட்டக்காரர் படம் அச்சடித்து விற்கும் அட்டைகளைப் பற்றிய பேச்சு, கிளம்பிவிட்டது. அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2025 டிராஃப்டில் முதல் ஆளாக எங்கள் டாலஸ் அணியான மேவரிக்ஸ் அவரை எடுத்தார்கள். அதே வருஷம் அக்டோபரிலிருந்து, அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்கான என்.பி.ஏ.வின் கார்டு அச்சடிக்கும் உரிமம் பானினி கம்பெனியிடமிருந்து டாப்ஸ் கம்பெனிக்குப் போய்விட்டது. போதாதா? "பையன் ஒரு பெட்டி வாங்கித் தரச் சொல்றான், அப்படியே ஒரு முதலீடாவும் இருக்கும்ல?" என்று கேட்கிறவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். 2021-ல் நான் இதில் சுமார் 11,000 டாலர் போட்டேன். எல்லாம் விற்று முடித்தபோது திரும்பி வந்தது 4,000-க்கும் கொஞ்சம் கீழே. அந்தச் சமயத்தில் எனக்கு எடுத்துச் சொல்ல யாருமில்லை. சொன்னவர்கள் எல்லோருமே கையில் கார்டு வைத்துக்கொண்டு விற்கக் காத்திருந்தவர்கள், அது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் உறைத்தது.

அன்றைய சூழ்நிலையைச் சொன்னால்தான் இது புரியும். 2020 ஜனவரியில் கோபி பிரையன்ட் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார், அவருடைய பழைய கார்டுகளின் விலையெல்லாம் ஒரே வாரத்தில் எங்கேயோ ஏறிவிட்டது. மார்ச் 11-ஆம் தேதி கொரோனாவால் என்.பி.ஏ. சீசன் நின்றது. ஏப்ரலில் ஜோர்டன் பற்றிய ஆவணத் தொடர் டிவியில் வந்தது, வீட்டில் அடைந்து கிடந்த ஊரே உட்கார்ந்து பார்த்தது. அரசாங்கம் வேறு எல்லோர் கணக்கிலும் நிவாரணப் பணம் போட்டது. விளையாட்டு இல்லை, சூதாட வழியில்லை, கையில் காசு இருக்கிறது, பரணில் சின்ன வயசு கார்டுப் பெட்டி இருக்கிறது. 2020 ஜூலையில் லெப்ரான் ஜேம்ஸின் 2003-04 எக்ஸ்க்விசிட் தொகுப்பு ரூக்கி கார்டு (ஆட்டக்காரரின் முதல் வருஷக் கார்டைத்தான் ரூக்கி என்பார்கள்) ஒன்று 18 லட்சத்து 45 ஆயிரம் டாலருக்குப் போனது. 2021 ஜனவரி கடைசியில் ஜோர்டனின் 1986 ஃபிளீர் கம்பெனி ரூக்கி கார்டு, கார்டுக்குத் தரம் போடும் பி.எஸ்.ஏ. கம்பெனியிடம் உச்சத் தரமான 10 பெற்றது, ஒரே ஏலத்தில் இரண்டு கார்டு, ஒவ்வொன்றும் 7,38,000 டாலர். ஒரு வருஷம் முன்னால் அதே கார்டு ஐம்பதாயிரத்துக்குள் கிடைத்துக்கொண்டிருந்தது. இந்தச் செய்தி விளையாட்டுப் பக்கத்திலிருந்து வியாபாரப் பக்கத்துக்குத் தாவியதே, அன்றைக்குத்தான் என்னைப் போன்றவர்கள் உள்ளே வந்தோம்.

அந்த ஜோர்டன் கார்டு அதே வருஷம் கோடைக்குள் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அதை வியாபாரப் பக்கத்தில் யாரும் பெரிதாக எழுதவில்லை.

எனக்கு இந்த ஆட்டம் புதிதல்ல. கோயம்புத்தூரில் படித்தவன், பள்ளி அணியில் ஆடியவன், டாலஸ் வந்த பிறகு மேவரிக்ஸின் லூக்கா டான்சிச்சை முதல் சீசனிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தவன். ஆட்டம் தெரியும், அதனால் கார்டும் தெரியும் என்ற நினைப்பு. 2021 பிப்ரவரியில் முதலில் வாங்கியது லூக்காவின் 2018-19 பிரிஸம் தொகுப்பின் பேஸ் கார்டு, அதாவது அதில் சாதாரண வகை, பி.எஸ்.ஏ. 10, விலை 1,150 டாலர். அப்புறம் ஸயான் வில்லியம்சனின் 2019-20 பிரிஸம் பேஸ் சில, சராசரியாக 350 டாலர். ஜா மொரான்ட் இரண்டு. பிறகு கார்டுப் பெட்டிகள், பிரேக்குகள் (அது என்ன என்று பின்னால் சொல்கிறேன்), தரம் பார்க்க அனுப்பிய கார்டுகள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வீட்டிலிருந்தே வேலை, ஒரு ஸ்கிரீனில் மீட்டிங், இன்னொரு ஸ்கிரீனில் ஈபே. காலையில் எழுந்ததும் என் கார்டுகள் கடைசியாக என்ன விலைக்குப் போயின என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது, ஏறியிருந்தால் அன்றைக்கு முழுக்க மனசு குளிர்ந்திருக்கும்.

யூடியூபில் நான் பின்தொடர்ந்த ஒருவர் தினமும் "இந்த வாரம் வாங்க வேண்டிய ஐந்து கார்டு" என்று போடுவார். அவர் பெயர் சொன்ன கார்டு அன்று மாலைக்குள் பத்துப் பதினைந்து சதவீதம் ஏறும், நானும் ஆள் கெட்டிக்காரர்தான் என்று நினைப்பேன். ஆனால் அவர் சொன்னதால்தான் அது ஏறியது. அவரிடம் அந்தக் கார்டு எத்தனை இருந்தது, ஏறிய பிறகு எத்தனை விற்றார் என்பது எங்கேயும் வராது. யாராவது ஒரு கார்டைப் பரிந்துரைத்தால் முதலில் கேட்க வேண்டியது, "உங்ககிட்ட இது எத்தனை இருக்கு, இப்ப விக்கிறீங்களா, வாங்குறீங்களா?" என்பதுதான். நான் ஒருதடவை லைவில் கேட்டுப் பார்த்தேன். என் கமெண்ட் காணாமல் போனது.

இந்தத் தொழிலின் அடிப்படை எண்ணிக்கைதான், அதை ஜாக்கிரதையாகப் படியுங்கள். 1986 ஃபிளீர் ஜோர்டனுக்கு மதிப்பு ஏன்? நாற்பது வருஷத்துக்கு முந்தைய அட்டை, அந்தக் காலத்துப் பிள்ளைகள் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தது, ஆயிரக்கணக்கில் தரம் பார்க்க அனுப்பியும் பி.எஸ்.ஏ. 10 கிடைத்தவை முந்நூற்றுச் சொச்சம்தான். ஸயானின் பிரிஸம் பேஸ் கார்டோ பாக்கெட்டைப் பிரித்த அந்த நிமிஷமே உறைக்குள் போனது. யாரும் கசக்கவில்லை, எல்லோரும் தரம் பார்க்க அனுப்பினார்கள், அதில் பெரும்பகுதி 10 வாங்கியது. எத்தனை கார்டுக்கு எந்தத் தரம் கொடுத்திருக்கிறோம் என்பதைத் தரம் பார்க்கும் கம்பெனிகளே தளத்தில் போடுகின்றன, பாப் ரிப்போர்ட் என்று சொல்வார்கள், இலவசம். நான் பார்க்காமல் இல்லை, பார்த்தேன். ஆனால் அன்றைய எண்ணைப் பார்த்துவிட்டு அதுவே முடிவான எண் என்று எடுத்துக்கொண்டேன். புதுக் கார்டில் அந்த எண் ஏறிக்கொண்டேதான் போகும். அதிலும் அன்றைக்கு இன்னொரு விஷயம் மறைந்திருந்தது. 2021 மார்ச் கடைசியில் பி.எஸ்.ஏ. கம்பெனி, கார்டு வந்து குவிந்து சமாளிக்க முடியவில்லை என்று சொல்லித் தன் சாதாரணக் கட்டணச் சேவைகளையே நிறுத்தி வைத்தது. கோடிக்கு மேல் கார்டு வரிசையில் இருப்பதாகப் பேச்சு. நாங்கள் என்ன நினைத்தோம் தெரியுமா? புதிதாக 10 வராது, இருப்பவை விலை ஏறும் என்று. அந்த வரிசை முழுக்க நாங்கள் வாங்கி வைத்திருந்த அதே ஸயானும் அதே லூக்காவும்தான் என்று யோசிக்கவில்லை. வரிசை நகர நகர ஆயிரக்கணக்கில் வெளியே வந்தன.

"நம்பர் போட்ட கார்டு வாங்கு, அது குறைவு" என்பார்கள். பாதி உண்மை. 99-ல் ஒன்று, 25-ல் ஒன்று என்று கார்டின் மேல் எண் அச்சாகி வரும், அது பொய்யில்லை. ஆனால் ஒரே ஆட்டக்காரருக்கு ஒரே வருஷத்தில் பிரிஸம், செலக்ட், மொசைக், ஆப்டிக், ஹூப்ஸ், ரெவல்யூஷன் என்று பானினி இருபதுக்கும் மேற்பட்ட தொகுப்பு போட்டது. ஒவ்வொன்றிலும் சிவப்பு, நீலம், பச்சை, தங்கம், கறுப்பு என்று நிறம் நிறமாக அதே கார்டின் வேறு வடிவங்கள், பாரலல் என்பார்கள். "உலகத்திலேயே ஒன்றுதான்" என்று சொல்லும் கார்டுகூட ஒரே ஆளுக்கு டஜன் கணக்கில் உண்டு. விற்கிறவர் எண்ணை மட்டும் சொல்வார். இதே ஆளுக்கு, இதே வருஷத்தில், இதைவிடக் குறைவான எண்ணில் வேறு என்னென்ன இருக்கின்றன என்று நீங்கள்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது கம்ப்ஸ். சமீபத்தில் என்ன விலைக்கு விற்றது என்ற பட்டியலைத்தான் அப்படிச் சொல்வார்கள், அதை வைத்துத்தான் எல்லாப் பேரமும் நடக்கும். ஈபேயில் கேட்கிற விலையைப் பார்க்காதே, விற்ற விலையைப் பார் என்பது முதல் பாடம், அது எனக்குத் தெரியும். தெரியாதது அதற்குள்ளும் உள்ள ஓட்டைகள். விற்ற பட்டியலில் விலைமேல் கோடு போட்டிருந்தால் விற்பவர் அதைவிடக் குறைந்த ஒரு விலைக்கு ஒத்துக்கொண்டார் என்று அர்த்தம், அந்தக் குறைந்த விலை அங்கே தெரியாது, வெளித் தளங்களில் தேடிப் பார்க்க வேண்டும். பட்டியலில் 900 என்று பார்த்து நான் வாங்கிய ஒரு கார்டு அதற்கு முன்னால் உண்மையில் 720-க்குத்தான் போயிருந்தது. அப்புறம், ஏலத்தில் ஜெயித்தவர் காசு கட்டாமல் ஓடிவிட்டாலும் அந்த விலை சில நாள் பட்டியலில் நிற்கும். ஒரே விற்பனையாளரிடம், தரம் பார்த்த கம்பெனி கார்டுக்குத் தரும் சான்று எண் அதேயாக உள்ள கார்டு இரண்டு வாரத்தில் மறுபடி ஏலத்துக்கு வந்தால் முதல் விலையை மறந்துவிடுங்கள். வேண்டியவர்களை விட்டு ஏலத்தை ஏற்றிவிடுவதும் நடக்கிற விஷயம்தான். ஒரு விலையை நம்பாமல் கடைசிப் பத்துப் பன்னிரண்டு விற்பனையைத் தேதியோடு எழுதிப் பாருங்கள், மேலே ஒன்று, கீழே ஒன்றைத் தூக்கிவிடுங்கள். சரிகிற சந்தையில் இரண்டு வாரப் பழைய விலைகூட உங்களை ஏமாற்றும்.

இப்போது பிரேக். எனக்கு எரிச்சல் அதிகம் இருப்பது இதன்மேல்தான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ஒருவர் லைவில் உட்கார்ந்து பெட்டியைப் பிரிப்பார், முப்பது அணியையும் முப்பது பேருக்கு முன்கூட்டியே விற்றிருப்பார், உங்கள் அணியின் கார்டு வந்தால் உங்களுக்கு. நட்சத்திர ரூக்கி இருக்கும் அணிக்கு விலை அதிகம். லமெலோ பால் என்ற ரூக்கி வந்த வருஷம் அவருடைய ஹார்னெட்ஸ் அணிக்கு நான் 210 டாலர் கட்டினேன். பிரிஸம் ஹாபி பெட்டியில் 144 கார்டு, அதில் கையெழுத்துள்ளவை இரண்டு. இரவு பத்தரை மணிக்கு ஆரம்பித்தார், பின்னணியில் பாட்டு, கறுப்பு கையுறை, ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரித்ததும் கடைசிக் கார்டை மெதுவாகக் கீழிருந்து மேலே தள்ளிக் காட்டுவார், "யாருடைய அணி, யாருடைய அணி" என்று கத்துவார். எனக்கு வந்தது ரூக்கி அல்லாத பேஸ் கார்டு சில, அத்தனையும் சேர்த்து மூன்று டாலர்கூடத் தேறாது. தபாலில் வந்தபோது தபால்தலை விலைதான் அதிகம். அன்றைக்கு ஒன்று செய்தேன், ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டியது: அவர் போட்டிருந்த முப்பது அணி விலையையும் கூட்டினேன். வெளியே கடையில் பெட்டி என்ன விலையோ அதைவிட நாற்பது சதவீதத்துக்கு மேல் வந்தது. அதாவது அந்த முப்பது பேரும் சேர்ந்து, பிரிப்பதற்கு முன்னாலேயே, பெட்டி விலைக்கு மேல் நாற்பது சதவீதம் கூடுதலாகக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். பெட்டிக்குள் இருப்பதன் சராசரி மதிப்பு பெட்டி விலையைவிடவும் குறைவு, அது தனிக் கணக்கு. பிரிப்பவருக்கு எந்தப் பெட்டியிலும் நஷ்டமில்லை. இருந்தும் நான் அதற்கப்புறமும் சில பிரேக்கில் சேர்ந்தேன், ஏனென்றால் நடுவில் ஒருமுறை 160 டாலர் மதிப்புள்ள ஒரு வெள்ளி பிரிஸம் விழுந்தது. அந்த ஒரு கார்டு காட்டிய ஆசை என்னிடமிருந்து 1,300 டாலர் பிடுங்கிக்கொண்டது.

தரம் பார்க்காத கார்டுகளையும் வாங்கினேன், அதைத்தான் ரா என்பார்கள். "பி.எஸ்.ஏ. 10 கேண்டிடேட்" என்று தலைப்பில் போட்டிருப்பார்கள். பேருந்து நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம் என்று மனை விளம்பரம் போடுவார்களே, அந்த ஐந்து நிமிடத்துக்கு உள்ள மரியாதைதான் இதற்கும். 10 வரும் என்று அவருக்கே நம்பிக்கை இருந்தால் முப்பது டாலர் கட்டி அவரே அனுப்பியிருப்பார். பிரிஸம் கார்டை மேலிருந்து நேராகப் பார்த்தால் கண்ணாடிமாதிரி இருக்கும். பென்னி ஸ்லீவ் என்ற மெல்லிய பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே எடுத்து, ஓரத்தை மட்டும் பிடித்து, ஃபோன் டார்ச்சைக் கிட்டத்தட்ட கார்டுக்கு இணையாகச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். பல கார்டில் மேலிருந்து கீழ்வரை மயிரிழைபோல ஒரு கோடு ஓடும், அச்சு எந்திரத்து உருளை விட்ட தடம், மைக்ரோஃபைபர் துணியால் எவ்வளவு துடைத்தாலும் போகாது. விற்பனைப் படத்தில் அது தெரியாதபடி நேர் வெளிச்சத்தில் எடுத்திருப்பார்கள். இப்போது நான் ரா கார்டு வாங்குவதென்றால் சாய்ந்த வெளிச்சத்தில் ஒரு வீடியோ கேட்பேன், தரமாட்டேன் என்றால் பேச்சு முடிந்தது. நான்கு பக்க ஓரத்தையும் ஸ்கேல் வைத்துப் பார்ப்பேன், இடது வலது வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தால் 10 கிடையாது. 9 வந்தால் என்ன என்று கேட்கலாம். புதுக் கார்டில் 9-இன் விலை பல சமயம் ரா விலையும் தரம் பார்த்த கூலியும் சேர்ந்த தொகைக்குக் கீழேதான் இருக்கும். அதாவது தரம் பார்த்ததே நஷ்டம்.

நான் இருபது சொச்சம் கார்டை இங்கே ஒரு கடை மூலமாக மொத்தமாக அனுப்பும் குழுவில் சேர்த்துக் கொடுத்தேன், கார்டுக்கு முப்பது டாலர், முன்பணம். மூன்று மாதம் என்றார்கள். மூன்று மாதம் ஆறாகி, வருஷம் திரும்பியது. போன் பண்ணினால் "வரிசையில இருக்கு" என்ற ஒரே பதில். என் கார்டு கடையிலேயே இருக்கிறதா, கம்பெனிக்குப் போய்விட்டதா என்றுகூடத் தெரியவில்லை, ஏனென்றால் அனுப்பிய எண் கடைக்காரர் பெயரில் இருந்தது, எனக்குக் கொடுத்தது கையால் எழுதிய ஒரு சீட்டு. இரவில் தூக்கம் வராமல் அந்தச் சீட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். இதை வீட்டில் சொல்லவும் முடியவில்லை. கடைசியில் வந்தபோது பாதிக்கு மேல் 9, ஒன்றிரண்டு 8. 10 வந்தவையும் நான் கொடுத்த நாளில் இருந்த விலையில் கால்வாசிக்கு இறங்கியிருந்தன. குழுவாக அனுப்பினால் கம்பெனி கொடுக்கும் வரிசை எண்ணைக் கேட்டு வாங்குங்கள், ஒவ்வொரு கார்டையும் முன்னும் பின்னும் படமெடுத்து வையுங்கள், தாமதமானால் கூலி திரும்ப வருமா என்று எழுத்தில் கேளுங்கள்.

2021 கோடையிலேயே விலை சரிய ஆரம்பித்தது. வெளியில் பார்த்தால் இன்னும் கூட்டம்தான். மே மாதம் விஸ்கான்சினில் டார்கெட் கடை வாசலில் கார்டுக்காக அடிதடி நடந்து ஒருவர் துப்பாக்கியை எடுத்தார், அதற்கப்புறம் டார்கெட் கொஞ்ச காலம் கடைகளில் கார்டு விற்பதையே நிறுத்தியது. அடித்துக்கொள்ளும் அளவுக்குக் கிராக்கி இருக்கும்போது விலை எப்படி இறங்கும் என்று நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் இருபது டாலர் பெட்டியை நூறு டாலருக்கு விற்க வந்தவர்கள், வைத்துக்கொள்ள வந்தவர்கள் அல்ல, அதனால் அந்தக் கிராக்கிக்கு அடியில் தரையே இல்லை.

செப்டம்பரில் ஸயான் கார்டில் இரண்டை ஒருவழியாக விற்றேன், ஒன்று 140 வீதம், வாங்கியதில் பாதிகூட இல்லை, இருந்தாலும் தொலைந்தது என்றுதான் நினைத்தேன். கார்டு வாங்கியவர் கைக்குப் போய்ச் சேர்ந்த சில நாளில் ஸயானுக்கு வலது பாதத்தில் எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது என்ற செய்தி வெளியானது. மறுநாள் காலை வாங்கியவரிடமிருந்து திருப்பி அனுப்பும் கோரிக்கை, "உறையில் கீறல்". தரம் பார்த்த கம்பெனி கார்டை வைத்து மூடித் தரும் பிளாஸ்டிக் உறையைச் சொல்கிறார். நான் படம் எடுத்து வைத்திருந்தேன், உறையில் ஒரு கீறலும் இல்லை. விற்ற தளம் வாங்கியவர் பக்கம்தான் நின்றது. கார்டு திரும்பி வந்தது, போக வர ஷிப்பிங் என் தலையில். வந்தபோது உண்மையிலேயே உறையில் கீறல் இருந்தது. ஸயான் அந்த சீசன் முழுக்க ஒரு ஆட்டமும் ஆடவில்லை, அந்தக் கார்டுகளைக் கடைசியில் 45 டாலர் வீதம் கொடுத்தேன். இப்போதெல்லாம் விலையுள்ள கார்டை அனுப்புமுன் சான்று எண் தெரிய, நான்கு மூலையும் தெரிய, பெட்டியில் வைத்து ஒட்டும்வரை ஒரே வீடியோவாக எடுத்துவிடுகிறேன். காயத்தைப் பொறுத்தவரை ஒன்றும் செய்ய முடியாது. இருபது வயதுப் பையனின் முழங்காலிலும் பாதத்திலும் உங்கள் பணம் நிற்கிறது என்பது வாங்கும்போதே தெரிந்திருந்தால் போதும்.

வீட்டுக்காரிக்கு விஷயம் தெரிந்தது கிரெடிட் கார்டு பில்லில். சத்தம் போடவில்லை, "சரிங்க, இப்ப எல்லாத்தையும் வித்தா எவ்வளவு வரும்?" என்று மட்டும் கேட்டாள். என்னிடம் ஒரு எக்செல் இருந்தது, வாங்கிய விலை ஒரு பத்தி, இன்றைய கம்ப்ஸ் ஒரு பத்தி. அதைக் காட்டினேன். "இது கார்டோட விலை, நம்ம கைக்கு எவ்வளவு வரும்னு கேட்டேன்" என்றாள். அந்தப் பத்தி என்னிடம் இல்லை.

அதைக் கணக்குப் போட டாலஸுக்குப் பக்கத்தில் ஆலன் ஊரில் நடக்கும் கார்டு ஷோவுக்கு ஒரு சனிக்கிழமை போனேன், கூடவே நண்பன் ஒருவனும் வந்தான். வரிசையாக மேஜை, கண்ணாடிப் பெட்டிகள், பையில் கத்தை நோட்டு வைத்திருக்கும் ஆட்கள். ஒரு வியாபாரி உறையோடு இருந்த என் லூக்கா கார்டைக் கையில் வாங்கி, மேஜை விளக்கடியில் ஒரு திருப்பு திருப்பி, சான்று எண்ணை ஃபோனில் தட்டி, கடைசி விற்பனைகளை எனக்கும் தெரியும்படி காட்டினார். 250, 245, 238. "எழுபது சதவீதம் தருகிறேன்" என்றார். நான் கம்ப்ஸைக் காட்டி வாதாடினேன். அவர் பொறுமையாகத்தான் சொன்னார்: "ஈபேயில் நீங்கள் விற்றாலும் கமிஷன் பதின்மூன்று சதவீதம், ஷிப்பிங், இன்ஷூரன்ஸ், திரும்பி வரும் அபாயம், எல்லாம் போக உங்களுக்கு எண்பது சதவீதம்தான் நிற்கும். நானும் இதை விற்க வேண்டுமே." நண்பன் காதருகே, "மச்சான், ஆள் சரியாத்தான்டா சொல்றான்" என்றான். 1,150-க்கு வாங்கியதை அன்றைக்கு 170-க்குக் கொடுத்தேன். அந்த வியாபாரி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அந்த இரண்டு வருஷத்தில் என்னிடம் நேராகப் பேசிய ஒரே ஆள் அவர்தான். 2025 பிப்ரவரியில் மேவரிக்ஸ் லூக்காவை லேக்கர்ஸ் அணிக்கு மாற்றியபோது அவர் கார்டு கொஞ்சம் எழுந்தது. டாலஸ்காரர்களிடம் அந்தப் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள், கார்டுக்காக அல்ல.

ஆகவே ஒரு கார்டு நூறு டாலர் என்று பார்த்தால் மனசில் எழுபது, எண்பது என்று எழுதிக்கொள்ளுங்கள். வாங்கிய அன்றே இருபதிலிருந்து முப்பது சதவீதம் போய்விட்டது, அதை ஈடுகட்டும் அளவுக்கு விலை ஏறினால்தான் சமநிலை. வரியும் உண்டு. அமெரிக்காவில் சேகரிப்புப் பொருளை ஒரு வருஷத்துக்கு மேல் வைத்து லாபத்தில் விற்றால் உச்ச வரி 28 சதவீதம், பங்குச் சந்தைக்கு உள்ள சலுகை விகிதம் இதற்கில்லை. நிறைய விற்றால் தளத்திலிருந்து 1099-கே படிவம் வரும், அதில் இருப்பது விற்ற மொத்தத் தொகை, லாபமல்ல. வாங்கிய ரசீது இல்லையென்றால் நஷ்டத்தில் விற்றதற்கும் லாபம் வந்தமாதிரி விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். நான் பாதி ரசீதை ஈமெயிலில் தோண்டி எடுத்தேன், ஷோவில் ரொக்கத்துக்கு வாங்கியதற்கு ஒன்றுமே இல்லை.

இப்போது ஃபிளாக் விஷயம். பையனுக்கு ஆசை என்றால் தாராளமாக வாங்கிக் கொடுங்கள், பெட்டியாக வேண்டாம், அவனுக்குப் பிடித்த ஆளின் ஒற்றைக் கார்டாக வாங்குங்கள். தொகுப்பு வெளியான முதல் வாரங்களில் பிரித்துப் போட்டவர்கள் குறைவாக இருப்பதால் விலை தலைக்கு மேல் இருக்கும், பிரிப்பவர்கள் கொண்டுவந்து கொட்டக் கொட்ட இறங்கும், பொறுத்தால் போதும். பேஸ் கார்டுக்கு தரம் பார்த்த உறை தேவையில்லை, டாப்லோடர் என்ற கெட்டியான பிளாஸ்டிக் உறையில் போட்டால் அவன் கையில் எடுத்துப் பார்க்கவும் முடியும். பழைய ஜோர்டன் ஃபிளீர் சல்லிசாகக் கிடைக்கிறது என்று யாராவது ரா கார்டு காட்டினால் தொடவே தொடாதீர்கள், அந்தக் கார்டின் போலி எக்கச்சக்கம். உறைக்குள் இருந்தாலும் சான்று எண்ணைத் தளத்தில் போட்டு, அங்கே இருக்கும் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், உறையையே போலியாகச் செய்கிறார்கள்.

என்னிடம் மிச்சமிருந்த பேஸ் கார்டுகளை ஒரே லாட்டாகக் கட்டி ஈபேயில் போட்டேன், ஷிப்பிங் போக 60 டாலர் வந்தது. டர்க் நோவிட்ஸ்கி ரூக்கி ஒன்று மட்டும் வைத்திருக்கிறேன், அதன் இன்றைய விலை எனக்குத் தெரியாது. உங்களில் யாருக்காவது பிரேக் லிங்க் வந்து கை அரித்தால், முப்பது அணி விலையையும் கூட்டிப் பெட்டி விலையோடு எனக்கு அனுப்புங்கள், இப்போதெல்லாம் எத்தனை சதவீதம் ஏற்றுகிறார்கள் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.